காற்றறிதல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளந்தறிய முடியுமா? நெல் தூற்றும் உழவரும் கலம் செலுத்தும் மாலுமியும் முடியும் என்று நெடுங்காலத்துக்கு முன்பே காட்டியுள்ளனர். தொலைவிலுள்ள இலக்கைத் துப்பாக்கியால் குறிவைக்கும் விளையாட்டு வீரருக்கும் அவ்வறிவு இன்றியமையாதது. கை நடுங்காமல் இருந்தும், பார்வை பிழைக்காமல் இருந்தும் குறி தவறுவதுண்டு. அத்தவற்றின் காரணத்தையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அசையாச் சுடரும் ஆடிக்காற்றும்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் அமைந்துள்ள ஊர் மோகனூர். இவ்வூர்ச் சிவன்கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனின் திருப்பெயர் அசலதீபேசுவரர். 'அசலம்' என்பதற்கு அசையாதது என்பது பொருள். கருவறை விளக்கின் சுடர் அசையாமல் நின்று எரியும் என்பது ஊரார் நம்பிக்கை. அந்நம்பிக்கையே இறைவனின் பெயராகவும் நிலைத்துள்ளது.

கோயிலுக்கு வெளியே ஆடித் திங்களில் காணும் காட்சி வேறு. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து, கோவை, கரூர்ச் சமவெளிகளைக் கடந்து காவிரிக்கரையை அடைகிறது. தென்னங்கீற்றுகள் ஒருபுறமாக ஒதுங்குகின்றன. வாழையிலைகள் நார்நாராகக் கிழிகின்றன. கரும்புத் தோகைகள் அலையலையாகச் சாய்கின்றன. அசையாத சுடர் காற்றின்மையைச் சொல்கிறது. சாயும் தோகை காற்றின் வரவைச் சொல்கிறது. காற்று ஒருபோதும் தன்னைக் காட்டுவதில்லை. தான் தொட்ட பொருள்களைக் கொண்டே தன்னை அறிவிக்கிறது. அவ்வறிவிப்பைப் படிக்கக் கற்பதே காற்றறிதல் ஆகும்.

பெயரில் உள்ள பாடம்

காற்றைத் திசைவாரியாகப் பிரித்துப் பெயரிட்டவர்கள் தமிழர்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இப்பெயர்கள் அனைத்தும் காற்று புறப்பட்ட திசையைக் குறிக்கின்றனவே அன்றி, அது சென்று சேரும் திசையைக் குறிப்பனவல்ல. இக்கால வானிலை அறிவியலும் இம்முறையையே பின்பற்றுகிறது.

துப்பாக்கி சுடுதலில் புதிதாக அடியெடுத்து வைப்போர் செய்யும் முதற்பிழை இங்கேதான் நிகழ்கிறது. கொடியின் நுனி கிழக்கே நீண்டிருப்பதைக் கண்டு, அதனைக் கீழ்காற்று என்று எண்ணிவிடுகின்றனர். கொடியின் நுனி காட்டுவது காற்றின் போக்கை. கம்பத்தில் கட்டிய முனையே அதன் வரவைக் காட்டுகிறது. ஆகவே நுனி கிழக்கே நீண்டால் வீசுவது மேல்காற்று.

நாமக்கல் சமவெளிக்கு வடகிழக்கே உயர்ந்து நிற்கும் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடுகிறார். வில்லாற்றலைப் போற்றிய அந்நூலிலேயே, காற்றின் இயல்பறிந்து நாவாய் செலுத்தியோரின் வழித்தோன்றல் எனக் கரிகாலனைப் போற்றும் வெண்ணிக்குயத்தியாரின் பாடலும் இடம்பெற்றுள்ளது. வில்லறிவும் காற்றறிவும் தமிழ் மரபில் அருகருகே நின்றவை. தொலைதூரத் துப்பாக்கி சுடுதலில் இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் ஒன்றுசேர வேண்டியுள்ளது.

களத்துமேட்டில் ஓர் இயற்பியல்

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது பழமொழி. களத்துமேட்டில் முறத்தை உயர்த்தி நெல்லைத் தூற்றும் உழவர், முதலில் காற்று வரும் திசையை அறிந்து, அதற்கேற்பத் தாம் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்கிறார். முறத்திலிருந்து நெல்மணியும் பதரும் ஒரே உயரத்திலிருந்து, ஒரே காற்றினூடே விழுகின்றன. நெல்மணி ஏறத்தாழ நேராக விழுகிறது; பதர் விலகிப் போய் விழுகிறது. எடையுள்ள மணி தன் போக்கை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. எடையற்ற பதர் காற்றின் விருப்பத்துக்கு இணங்கிவிடுகிறது.

துப்பாக்கிக் குண்டு நெல்மணியைப் போன்றது. அது காற்றுக்கு முழுதும் இணங்குவதில்லை. முற்றிலும் இணங்காமலும் இருப்பதில்லை. ஒலிம்பிக் போட்டிகளில் 50 மீட்டர் தொலைவுக்குப் பயன்படும் சிறுதுளைத் துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. குழலை விட்டு வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் வெளிப்படும் அது, இலக்கை அடைய எடுத்துக்கொள்ளும் நேரம் வினாடியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்நேரத்தில், வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் மென்காற்று, தன்னில் மிதக்கும் ஒரு தூசியை 16 சென்டிமீட்டர் நகர்த்திவிடும். குண்டையோ அது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் மட்டுமே விலக்குகிறது.

ஐந்து மில்லிமீட்டர் என்பது சிறியதுதானே என்று தோன்றலாம். 50 மீட்டர் இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. குண்டின் விளிம்பு அவ்வளையத்தைத் தொட்டாலும் பத்துப் புள்ளி கிடைக்கும். அவ்வகையில், குண்டின் மையம் இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். எனவே குறுக்குக்காற்று வினாடிக்கு 2 மீட்டராக உயர்ந்தால், பிழையின்றிச் சுடப்பட்ட குண்டும் பத்திலிருந்து ஒன்பதுக்கு இறங்கிவிடும். இலைகளைச் சலசலக்கச் செய்யும் இளங்காற்றே இவ்விழப்புக்குப் போதுமானது.

தொலைவு கூடும்போது விலகல் பன்மடங்காகிறது. இலக்கின் தொலைவு இரட்டித்தால் விலகல் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தேசிய மாணவர் படைப் பயிற்சியில் 25 மீட்டர் தொலைவில் சுடும் மாணவருக்கு மேற்சொன்ன மென்காற்று 1.3 மில்லிமீட்டர் விலகலையே தரும். அதனை அவர் உணர்வதேயில்லை. அதே மாணவர் 50 மீட்டர்த் தளத்துக்குச் செல்லும்போது திகைக்கிறார். இங்கிலாந்தில் 1890 முதல் தொலைதூரச் சுடுதல் போட்டிகள் நடைபெறும் பிஸ்லி தளத்தில் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் தொலைவுக்குச் சுடுகின்றனர். அங்கு ஆற்றல்மிக்க பெருந்துளைத் துப்பாக்கியின் குண்டைக்கூட, வினாடிக்கு நாலரை மீட்டர் வேகமுள்ள குறுக்குக்காற்று 2 மீட்டருக்கும் மேலாக விலக்கிவிடும். இவ்விலகல் ஓர் ஆளின் உயரத்தையும் மிஞ்சுகிறது.

கடிகாரமுறை

காற்றின் வேகத்தைப் போலவே அதன் திசையும் விலகலை முடிவுசெய்கிறது. திசையைச் சொல்வதற்கு உலகெங்கும் கடிகாரமுறை கையாளப்படுகிறது. தரையில் விரித்த ஒரு கடிகாரத்தின் நடுவில் சுடுபவர் இருப்பதாகவும், இலக்கு 12 மணி திசையில் இருப்பதாகவும் கொள்ள வேண்டும். வலப்புறத்திலிருந்து நேர்க்குறுக்காக வருவது 3 மணிக் காற்று; இடப்புறத்திலிருந்து வருவது 9 மணிக் காற்று. இவ்விரண்டும் குண்டை முழு அளவில் விலக்குகின்றன. எதிரேயிருந்து வரும் 12 மணிக் காற்றும், பின்னாலிருந்து வரும் 6 மணிக் காற்றும் குண்டைப் பக்கவாட்டில் விலக்குவதில்லை. இடையிலுள்ள திசைகளுக்குக் கோணத்திற்கேற்பப் பயன் குறைகிறது. 1 மணிக் காற்று முழுப்பயனில் பாதியைத் தரும். ஒன்றரை மணிக் காற்று பத்தில் ஏழு பங்கைத் தரும். 2 மணிக் காற்று ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைத் தரும்.

மோகனூரில் வடக்கு நோக்கி ஒரு சுடுதளம் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். நேர்மேற்கிலிருந்து வரும் காற்று அங்கு 9 மணிக் காற்று. தென்மேற்கிலிருந்து வந்தால் அது ஏழரை மணிக் காற்று. அதன் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் எனில், பக்கவாட்டுப் பயன் 1.4 மீட்டர், 50 மீட்டர் தொலைவில் விலகல் 7 மில்லிமீட்டர். குண்டு வலப்புறம் விலகியும் பத்துப் புள்ளியின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். காற்று 3 மீட்டராக வலுத்தால் விலகல் பத்தரை மில்லிமீட்டராகிவிடும். பத்துப் புள்ளி கைநழுவும். கணக்குப் பாடத்தில் கற்ற கோணவியல் இங்கு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

காற்று குண்டை மேலும் கீழுமாகவும் சிறிதளவு நகர்த்துகிறது. குழலின் உட்புறத்திலுள்ள புரிகளால் குண்டு சுழன்றுகொண்டே செல்கிறது. வலஞ்சுழியாகச் சுழலும் குண்டை இடப்புறக் காற்று வலப்பக்கமாகவும் சற்றுக் கீழாகவும் தள்ளும். வலப்புறக் காற்று இடப்பக்கமாகவும் சற்று மேலாகவும் தள்ளும். அதனால் காற்றறியாமல் சுடப்பட்ட குண்டுகளின் தடங்கள் இலக்கில் கிடைக்கோடாக அமையாமல், சாய்கோடாக அமைவதைக் காணலாம்.

கொடி, இலை, கானல்

சுடுதளத்தில் காற்றைக் காட்டும் முதன்மைக் கருவி துணிக்கொடி. 50 மீட்டர்த் தளத்தில் சுடுபவரிடமிருந்து 10 மீட்டர், 30 மீட்டர் தொலைவுகளில் மெல்லிய பருத்தித் துணிக்கொடிகள் வைக்கப்படுகின்றன. கொடி தொங்குகிறதா, சாய்ந்து எழுகிறதா, விறைத்து நீள்கிறதா என்பது வேகத்தைக் காட்டும். நுனி நிற்கும் பக்கம் திசையைக் காட்டும்.

இரு கொடிகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுண்டு. தென்னந்தோப்பின் மறைவில் காற்று ஓய்ந்திருக்க, திறந்த ஆற்றுமணலில் அது ஓடிக்கொண்டிருப்பதை மோகனூர்க் கரையில் நிற்போர் எளிதாக உணரலாம். அவ்வாறே சுடுதளத்திலும் மதில், மரம், மண்மேடு ஆகியவை காற்றைத் தடுத்தும் திருப்பியும் விடுகின்றன. அப்போது எக்கொடியை நம்புவது? காற்றின் வலிமை ஒத்திருக்குமாயின், அருகிலுள்ள கொடிக்கே முதலிடம் தர வேண்டும். உழவு தொடங்கும் இடத்தில் ஏர்ச்சால் ஒரு விரற்கடை கோணினால், வயலின் மறுகோடியில் அக்கோணல் பல அடியாக விரிந்துவிடும். முடியும் இடத்தில் கோணினால் பெரிய மாற்றமில்லை. குண்டின் வழியும் அத்தகையதே. தொடக்கத்தில் ஏற்பட்ட சாய்வை அது எஞ்சிய தொலைவு முழுவதும் சுமந்து செல்கிறது.

கொடி இல்லாத இடங்களில் புல்லும் இலையும் புகையும் புழுதியும் கொடியாகின்றன. ஆனால் அவை எந்த உயரத்துக் காற்றைக் காட்டுகின்றன என்பதில் கவனம் வேண்டும். மோகனூரிலுள்ள சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் புகைபோக்கியிலிருந்து எழும் புகை, உயரத்தில் ஓடும் காற்றைக் காட்டுகிறது. குண்டு செல்லும் உயரத்தில் வீசும் காற்றை வரப்போரப் புல்லே உண்மையாகக் காட்டும்.

வெயில் மிகுந்த நாளில் மற்றொரு சான்றும் கிடைக்கிறது. நண்பகலில் தார்ச்சாலையின்மேல் நெளியும் கானலை நாம் அறிவோம். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைப்பதால் அத்தோற்றம் உண்டாகிறது. தொலைநோக்கியின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்பாக அமைத்துப் பார்த்தால், கானலின் அலைகள் ஓடும் பக்கம் புலப்படும். அலைகள் இடமிருந்து வலமாக ஓடினால் காற்று இடப்புறத்திலிருந்து வருகிறது. உலைநீர் கொதிப்பதுபோல் நேராக மேலெழுந்தால், காற்று ஓய்ந்துள்ளது என்றோ, குண்டின் வழியை ஒட்டி முன்னிருந்தோ பின்னிருந்தோ வீசுகிறது என்றோ கொள்ள வேண்டும். கொதிப்பு பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை. காற்று பக்கம் மாறப்போவதன் முன்னறிவிப்பாகவும் அது அமையக்கூடும். அவ்வேளையில் விசையை அழுத்தாமல் காத்திருப்பது அறிவுடைமை. காற்று மிக வலுத்தால் கானல் அலைகள் படிந்து மறைந்துவிடும். அப்போது மீண்டும் கொடியையே நாட வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பிரிட்டன் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805ஆம் ஆண்டில் காற்றின் வலிமையைப் படிநிலைகளாக வகுத்தார். கடலுக்கென வகுக்கப்பட்ட அவ்வளவீட்டில், நிலத்திற்குரிய அடையாளங்கள் பின்னாளில் சேர்க்கப்பட்டன.
படிநிலை 1: புகை சாய்கிறது – வினாடிக்கு 0.3 முதல் 1.5 மீட்டர்.
படிநிலை 2: முகத்தில் காற்று உணரப்படுகிறது, இலைகள் சலசலக்கின்றன – 1.6 முதல் 3.3 மீட்டர்.
படிநிலை 3: இலைகளும் சிறு கிளைகளும் இடைவிடாது அசைகின்றன, மென்கொடி விரிகிறது – 3.4 முதல் 5.4 மீட்டர்.
படிநிலை 4: புழுதியும் தாளும் எழும்புகின்றன – 5.5 முதல் 7.9 மீட்டர்.

சுடுதலும் காத்திருத்தலும்

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனீரோ உலகக்கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். இருவரும் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில். அது மூடிய அரங்கில் நிகழ்வது; அங்குக் காற்றுக்கு இடமில்லை. அசலதீபத்தின் கருவறைபோல் அவ்வரங்கு அசைவற்றது. வீரரின் போராட்டம் தம் உடலோடும் உள்ளத்தோடும் மட்டுமே. 50 மீட்டர்த் தளமோ திறந்தவெளியை நோக்கியது. அங்கு மூன்றாவதாக ஒரு போட்டியாளரும் களமிறங்குகிறார். அவர் பெயர் காற்று.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடுதல் போட்டிகள் ஷாதோரூ நகரில் நடைபெற்றன. 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் மண்டியிட்டும் படுத்தும் நின்றும் நிலைக்கு 20 வீதம் 60 குண்டுகள் சுட வேண்டும். முதல் எட்டு இடங்களைப் பெறுவோரே இறுதிச்சுற்றுக்குச் செல்வர். இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே 590 புள்ளிகளுடன் ஏழாம் இடம் பெற்று இறுதிச்சுற்றில் நுழைந்தார். அதில் வெண்கலம் வென்று, இப்பிரிவில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியரானார். அதே தகுதிச்சுற்றில் 589 புள்ளிகள் பெற்ற மற்றோர் இந்திய வீரரான ஐஸ்வரி பிரதாப் சிங் தோமருக்குப் பதினொன்றாம் இடமே வாய்த்தது. அறுபது குண்டுகளில் ஒரே ஒரு புள்ளி! ஒருமுறை கொடியை நோக்கத் தவறினால் இழக்கக்கூடிய அளவும் அந்த ஒரு புள்ளிதான்.

ஆகவே தேர்ந்த வீரர் போட்டி தொடங்குமுன் தளத்தை நெடுநேரம் உற்றுநோக்குகிறார். காற்றுக்கும் ஒரு பழக்கம் உண்டு. அது எழுந்து, வலுத்து, தணிந்து, மீண்டும் எழுகிறது. அச்சுழற்சியில் அடிக்கடி திரும்பிவரும் ஒரு நிலையை அவர் தேர்ந்துகொள்கிறார். சோதனைக் குண்டுகளைச் சுட்டு, அந்நிலைக்கு ஏற்ப நோக்குக்கருவியின் திருகுகளைச் சரிசெய்கிறார். பின்னர் அந்நிலை திரும்பும்போது சுடுகிறார், மாறும்போது காத்திருக்கிறார். காத்திருக்க நேரமில்லையெனில், மாறிய காற்றுக்கேற்பத் திருகைத் திருப்புகிறார். கொடி காட்டும் மாற்றத்தைக் கண்டும், 'இம்முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று துணிந்து விசையை அழுத்துவதே பெரும்பிழை.

காத்திருத்தலுக்கும் எல்லை உண்டு. அறுபது குண்டுகளுக்கும் சேர்த்துத் தரப்படும் நேரம் ஒன்றரை மணி. துப்பாக்கியை நெடுநேரம் ஏந்தினால் கை தளரும், கண் மங்கும். எப்போது சுடுவது, எப்போது விடுவது என்னும் தெளிவே இங்கு வேண்டப்படுவது. திருக்குறளில் காலமறிதலும் இடனறிதலும் அடுத்தடுத்த அதிகாரங்களாக அமைந்திருப்பதன் பொருத்தம் இங்குப் புலனாகும்.

பறவையின் கண்ணும் பரந்த களமும்

துரோணர் வைத்த தேர்வில் அருச்சுனனுக்குப் பறவையின் கண் மட்டுமே தெரிந்தது என்னும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒருமுகப்பட்ட உள்ளத்திற்கு அக்கதை சான்றாகும். ஆனால் தொலைதூர இலக்கைக் குறிவைப்பவர் தொடக்கம் முதலே இலக்கை மட்டும் கண்டால் தோற்றுப்போவார். அவர் முதலில் கொடியையும் புல்லையும் கானலையும் காண வேண்டும்; இறுதி நொடியில் மட்டுமே இலக்கில் ஒடுங்க வேண்டும். விரிந்து நோக்குதல், பின் குவிந்து நோக்குதல் என்னும் இவ்வரிசை மாறலாகாது.

குறி தவறியபின் 'காற்று ஏமாற்றிவிட்டது' என்று கூறுவது எளிது. காற்று எவரையும் ஏமாற்றுவதில்லை. அது தன் வரவைக் கொடியில் எழுதியது, இலையில் எழுதியது, கானலில் எழுதியது. நாம் படிக்கத் தவறினோம் என்பதே பலநேரங்களில் உண்மை. அதனால்தான் நல்ல வீரர் ஒவ்வொரு பயிற்சியிலும் காற்றின் திசை, கொடியின் நிலை, தாம் செய்த மாற்றம், குண்டு விழுந்த இடம் ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் பதிகிறார். பழியைக் காற்றின்மீது சுமத்துபவரிடம் குறிப்பேடு இருப்பதில்லை. குறிப்பேடு வைத்திருப்பவர் நாளடைவில் பழிசொல்லும் தேவையை இழக்கிறார்.

மோகனூர், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கனார் 1888இல் பிறந்த ஊர். அறப்போரைப் பாடிய அவர் பிறந்த மண்ணில், துப்பாக்கி பற்றிய பாடம் பொருந்துமா எனச் சிலர் வினவலாம். இவ்விளையாட்டில் இலக்காக நிற்பது ஒரு தாள் மட்டுமே. வெல்லப்பட வேண்டியவை அவசரமும் கவனமின்மையும். அசையாத சுடர் நம் உள்ளத்துக்கு எடுத்துக்காட்டு. அசையும் தோகை நம் கண்ணுக்குப் பாடநூல். உள்ளம் அசையாதிருக்க, கண் அசைவனவற்றை அறிந்தால் குறி தப்பாது.

சொல்லும் பொருளும்

அசலம் – அசையாதது
பதர் – மணியற்ற நெல்
நாவாய் – மரக்கலம்
ஏர்ச்சால் – உழும்போது உண்டாகும் கோடு
கானல் – வெப்பத்தால் தோன்றும் ஒளியலை
புரி – குழலின் உட்புறச் சுருள்வரி

கற்பவை கற்றபின்...

1. பள்ளி வளாகத்தில் ஈரிடங்களில் மெல்லிய பருத்தித் துணி நாடாக்களைக் கம்பில் கட்டி, காலை, நண்பகல், மாலை ஆகிய மூவேளைகளிலும் காற்றின் திசையையும் வலிமையையும் ஒரு வாரம் பதிவுசெய்க. ஈரிடங்களும் ஏன் வேறுபடுகின்றன என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊர் உழவர்களிடமும் மீனவர்களிடமும் வழங்கும் காற்றின் பெயர்களைக் கேட்டுத் தொகுத்து, அவை குறிக்கும் திசையுடன் பட்டியலிடுக.

(குறிப்பு: துப்பாக்கி சுடும் பயிற்சியை அரசு ஒப்புதல் பெற்ற தளத்தில், பயிற்றுநர் மேற்பார்வையில் மட்டுமே மேற்கொள்ள வேண்டும்.)

மதிப்பீடு

குறுவினா
1. நால்வகைக் காற்றின் பெயர்களையும் அவை வரும் திசைகளையும் எழுதுக.
2. கானல் 'கொதித்தல்' எதனை உணர்த்துகிறது?

சிறுவினா
1. கிழக்கு நோக்கிச் சுடுபவருக்குத் தென்மேற்கிலிருந்து வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. கடிகாரமுறையில் அதன் திசையையும், 50 மீட்டர் தொலைவில் குண்டு விலகும் அளவையும் கணக்கிடுக.
2. அருகிலுள்ள கொடிக்கு முதலிடம் தருவதன் காரணத்தை ஏர்ச்சால் உவமையுடன் விளக்குக.

நெடுவினா
'காற்று எவரையும் ஏமாற்றுவதில்லை' – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவி, உங்கள் வாழ்க்கை நிகழ்வு ஒன்றுடன் பொருத்திக் கட்டுரை எழுதுக.